ஏஎஸ்400-ல பேட்ச் ஜாப் டீபக் பண்றது: 11 வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

சிங்கப்பூர் வந்து 11 வருஷம் ஆச்சு, வந்த நாள்லேர்ந்து ஒரே மெஷின்தான், ஏஎஸ்400, கம்பெனி கணக்கு வழக்கு ஓடுற ஐபிஎம் கம்ப்யூட்டர். 1988-ல ஐபிஎம் இத கொண்டு வந்தப்போ வச்ச பேரு அது, அப்புறம் ஐசீரீஸ், சிஸ்டம் ஐ, 2008-லேர்ந்து ஐபிஎம் ஐ-ன்னு மாத்திட்டே வந்தாங்க, ஆனா சாங்கி பிசினஸ் பார்க்ல எங்க ஃப்ளோர்ல யாரும் புதுப்பேர் சொல்றதில்ல. இன்வாய்ஸ் ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு, அதோட தலைல உள்ள கமென்ட்ட படிச்சா இந்த ஊரு ஜிஎஸ்டி கதையே தெரியும், 1994-ல 3 சதவீதம், 2003-ல 4, 2004-ல 5, 2007-ல 7, ஒவ்வொரு வரியும் ஒவ்வொருத்தர் போட்டது. 2023-ல 8, 2024-ல 9, இந்த ரெண்டு வரியும் நான் போட்டது. அத தொடும்போது இன்னும் ஒரு மரியாதை வருது எனக்கு.

விஷயத்துக்கு வர்றேன். ஸ்க்ரீன்ல ஓடுற ப்ரோக்ராம டீபக் பண்ண, அதாவது நடுவுல நிறுத்தி தப்பு எங்கன்னு பாக்க, எல்லாருக்கும் தெரியும், ஸ்டார்ட் டீபக் குடுத்து, எஃப்6-ல பிரேக்பாயின்ட் (நிக்க வேண்டிய வரி) வச்சு, கால் பண்ணா நிக்கும். பேட்ச்ல, அதாவது ஸ்க்ரீன் இல்லாம பின்னாடி தானா ஓடுறது வேற ஜாப், நம்ம செஷன்ல டீபக் போட்டா அது அந்த ஜாப்ப தொடவே தொடாது. அதனால நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா அதே ப்ரோக்ராம ஸ்க்ரீன்ல கால் பண்ணி பாக்குறாங்க, சரியா ஓடுது, "எனக்கு ஓடுதே"ன்னு டிக்கெட்ட மூடிடுறாங்க. நானும் முதல் வருஷம் அப்படித்தான் பண்ணேன். அப்போ டீம்ல கும்பகோணத்து அண்ணன் ஒருத்தர் இருந்தார், அவர்தான் பக்கத்துல உக்காந்து சொன்னார், "தம்பி, ப்ரோக்ராம விடு, ஜாப்ப புடி. அது எந்த ஜாப்ல விழுந்துச்சோ அதுக்குள்ள போய்ப் பாரு."

எப்படி போறதுன்னா, சப்மிட் பண்ணும்போதே ஹோல்ட் எஸ்-னு குடுத்துடணும், இல்ல ஜாப் க்யூவயே ஹோல்ட் பண்ணணும். அப்புறம் ஜாப் நம்பர், யூசர், பேரு மூணையும் எடுத்து ஸ்டார்ட் சர்வீஸ் ஜாப் (வேற ஜாப்ப நம்ம செஷன்லேர்ந்து புடிக்கிற கமாண்ட்) குடுத்துட்டு, ஜாப்ப ரிலீஸ் பண்ணணும். அது ஓட ஆரம்பிக்கிற நொடியில நம்ம ஸ்க்ரீன்ல ஒரு டிஸ்ப்ளே வந்து நிக்கும், என்டர் தட்டுனா ஜாப் ஓடிடும், எஃப்10 தட்டுனா கமாண்ட் என்ட்ரி வரும். அவசரத்துல என்டர் தட்டிடாதீங்க. எஃப்10 போய் அங்கதான் ஸ்டார்ட் டீபக், பிரேக்பாயின்ட் எல்லாம் வச்சு, எஃப்12-ல திரும்பி வந்து அப்புறம் என்டர். முடிஞ்சதும் முதல்ல என்ட் டீபக், அடுத்து என்ட் சர்வீஸ் ஜாப், இந்த ஆர்டர்லதான். இந்த கமாண்டெல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்காது, செக்யூரிட்டி ஆள்கிட்ட முன்னாடியே உரிமை வாங்கி வச்சுக்கோங்க.

இது எனக்கு எவ்ளோ பெரிய உதவின்னு காட்ட ஒரே ஒரு சம்பவம் போதும். மாசக்கடைசி ஸ்டேட்மென்ட் ஜாப், கஸ்டமர் குரூப் கோட வாங்கிக்கும், ஒரு கோடு 5 எழுத்து, மொத்தம் 10 குரூப், அதாவது 50 எழுத்துல ஒரு பாராமீட்டர். ப்ரோக்ராம் ஒவ்வொண்ணா எடுத்துட்டே போய் காலியா ஒரு கோடு வந்தா நிறுத்திடும். பல வருஷம் 5 குரூப்தான் போச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல. சேல்ஸ்ல 6-வது குரூப் சேர்த்தாங்க, அன்னிக்கு ராத்திரியே ஜாப் விழுந்துருச்சு, தப்பான குரூப்னு மெசேஜ். ஸ்க்ரீன்ல கால் பண்ணா அதே 6 குரூப் அழகா ஓடுது. ரெண்டு நாள் டேட்டாவத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டாங்க.

மூணாவது நாள் ராத்திரி ஜாப்ப புடிச்சு லூப் உள்ள நிறுத்தி, 7-வது சுத்துல அந்த ஃபீல்ட ஹெக்ஸ்ல (ஒவ்வொரு பைட்டோட கோட் நம்பரா) பாத்தேன், ஈவல் போட்டு பின்னாடி கோலன் எக்ஸ் 5. காலியா இருந்தா அஞ்சு பைட்டும் 40-ஆ இருக்கணும், இந்த மெஷினோட எழுத்துக் கோடான எப்சிடிக்ல ஸ்பேஸ் அதுதான். முதல் ரெண்டு பைட் 40, அடுத்த மூணுல சம்பந்தமில்லாத ஏதோ. எண்ணிப் பாத்தா 6 குரூப் 30 எழுத்து, கூட ரெண்டு 32, சரியா 33-வது பைட்லேர்ந்து குப்பை. அங்கதான் புரிஞ்சுது. சப்மிட் ஜாப் உள்ள கால் போட்டு சிஎல் (இந்த மெஷினோட கமாண்ட் மொழி) வேரியபிள் குடுத்தா, அது வேரியபிளா போறதில்ல, மதிப்ப எழுதி கமாண்டா அனுப்பும், பின்னாடி இருக்கிற ஸ்பேஸ் எல்லாம் உதிர்ந்துடும், 32 எழுத்து வரைக்கும்தான் ஸ்பேஸ் போட்டு நிரப்பும். அதுக்கு மேல ப்ரோக்ராம் படிக்கிறது மெமரில பக்கத்துல கெடக்கிறத. 5 குரூப் 25, அடுத்த அஞ்சும் 32-க்குள்ள, அதனாலதான் இத்தன வருஷம் தப்பிச்சுது. ஸ்க்ரீன்ல சிஎல் நேரா கால் பண்ணும்போது 50 எழுத்தும் முழுசா போகுது, அங்க இந்தத் தப்பு வரவே வராது. வேரியபிள 51 ஆக்கி கடைசில ஒரு எக்ஸ் போட்டாலே தீரும், நான் ஒரு தனி கமாண்ட் எழுதி பாராமீட்டர் நீளம் 50-னு சொல்லி அத சப்மிட் பண்ண வச்சேன், அதுதான் சுத்தமான வழி. வீட்டுக்கு கடைசி எம்ஆர்டி ரயில் போயிடுச்சு, ஆனா அன்னிக்கு மாதிரி ஒரு சந்தோஷம் வேலைல கம்மிதான்.

கஷ்டங்களும் சொல்லிடுறேன். பிரேக்பாயின்ட்ல ஜாப் நிக்கும்போது அது புடிச்சு வச்ச ரெக்கார்ட் லாக்கும் நிக்குது, அத வேற யாரும் மாத்த முடியாது. ஒரு தடவ நான் கஸ்டமர் மாஸ்டர் ரெக்கார்ட்ல நிறுத்திட்டு கீழ கோப்பி வாங்கப் போயிட்டேன், ரெக்கார்டுக்கு காத்திருக்கிற நேரம் டீஃபால்ட்ல 60 செகண்ட்தான், அதுக்குள்ள கவுன்டர்ல பில் போட்ட பொண்ணுக்கு எரர் வந்து கஸ்டமர் முன்னாடி தவிச்சு நின்னுச்சு. அதுக்கப்புறம் பிரேக்பாயின்ட்ல விட்டுட்டு சீட்ட விட்டு எழுந்ததில்ல.

அடுத்தது ஸ்டார்ட் டீபக்ல ப்ராட் (நிஜ வேலைல ஓடுற) ஃபைல அப்டேட் பண்ணலாமாங்கிற ஆப்ஷன். நோ-ன்னு இருந்தா ப்ராட் வகை லைப்ரரில இருக்கிற ஃபைல அப்டேட்டுக்கு ஓப்பன் பண்ண விடாது. நல்ல பாதுகாப்பு. ஆனா லைப்ரரி உருவாக்கும்போது ஒண்ணும் சொல்லலன்னா டெஸ்ட் லைப்ரரியும் ப்ராட் வகையாத்தான் வரும், அப்போ டெஸ்ட்லயும் எரர் வருது, உடனே எஸ் போட்டு பழகிடுறாங்க. அந்த பழக்கம் ஆபத்து. லைப்ரரி வகைய டெஸ்ட்னு மாத்துங்க, எஸ்-ல கைய வைக்காதீங்க.

கம்பைல் பண்ணும்போது டீபக் வியூ லிஸ்ட்னு குடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். சோர்ஸ் வியூன்னா பின்னாடி யாராவது சோர்ஸ மாத்திட்டா லைன் எல்லாம் தள்ளிப் போயிடும், லிஸ்ட்டுன்னா ஆப்ஜெக்ட்டுக்குள்ளயே இருக்கும், சைஸ் கொஞ்சம் கூடும், பரவாயில்ல.

இப்போ ஆர்டிஐ-ல (ஐபிஎம்மோட பிசி எடிட்டர்) சர்வீஸ் என்ட்ரி பாயின்ட் வந்திருக்கு, ப்ரோக்ராம்லயும் யூசர் பேர்லயும் வச்சுட்டா ஜாப் அங்க வந்ததும் தானா நிக்கும், ஹோல்ட், ஜாப் நம்பர் எதுவும் வேணாம். புதுசா சேர்ற பசங்களுக்கு அததான் முதல்ல காட்டுறேன். ஆனா அது ஐஎல்இ-ங்கிற புது வகை ப்ரோக்ராமுக்கு மட்டும்தான், எங்ககிட்ட இன்னும் ஓபிஎம்-ங்கிற பழைய வகை ப்ரோக்ராம் நிறைய கெடக்கு, லைசென்ஸும் ரெண்டு சீட்டுக்குத்தான் வாங்கியிருக்காங்க, அதனால மாசக்கடைசி ராத்திரி நான் இன்னும் பச்சை ஸ்க்ரீன்ல எஃப்10 தான் தட்டிட்டிருக்கேன்.