பத்துமணிப் பூ, பேபி சன் ரோஸ், ஐஸ் பிளாண்ட்: கொழிஞ்சாம்பாறைச் சரிவில் எது நிற்கும்?

எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சரிவு இருக்கிறது. இருபதடி நீளம், நாலடி அகலம். மாசி முடிவதற்குள் கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விடும். வீட்டுக்கும் மாட்டுக்கும் போக மிச்சம் இருந்தால்தான் செடிக்கு. புல் பதித்துப் பார்த்தேன், பங்குனியில் கருகிவிட்டது. அப்புறம்தான் சதைப்பற்றுள்ள, தரையோடு படர்கிற, பூக்கிற செடிகளின் பக்கம் திரும்பினேன். ஐந்து வருடமாக மூன்று வகைகளை ஒரே சரிவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மனதில் வருகிற பச்சை வேறு, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் வேறு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் மழைநிழல் பூமி. பனைமரமும் கரிசலும் தமிழும் உள்ள இடம். வெயில் எப்படி என்று சொல்ல ஒன்று போதும்: 2016 ஏப்ரலில், நம் பக்கத்து மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. கார்த்திகை பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். ஈரத்துணி அரைமணி நேரத்தில் உலர்ந்துவிடும், மண்ணும் அப்படித்தான்.

இத்தனை வறட்சி இருந்தும் என் செடிகள் செத்தது கோடையில் இல்லை. மூன்று வகையிலும் சேர்த்து நான் இழந்த செடிகளில் பெரும்பாலானவை ஆனி, ஆடியில் போனவைதான். மழைநிழல் என்றாலும் தென்மேற்குப் பருவத்தில் வாரக்கணக்கில் மேக மூட்டம் நிற்கும், சாரல் விடாது, கரிசல் சப்பென்று ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 'தண்ணியில்லாம வருமா' என்று கேட்டுச் செடி வாங்குவது நம் ஊருக்குப் பாதிக் கேள்விதான். ஜூனில் அழுகாமல் நிற்குமா என்பதுதான் மீதிப் பாதி. இந்த ஒப்பீட்டையே அதை வைத்துத்தான் செய்கிறேன்.

முதலில் ஐஸ் பிளாண்ட், ஏனென்றால் இதைப் பற்றித்தான் நிறையப் பேர் ஆசையோடு கேட்கிறார்கள். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். தரை முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் சாமந்தி மாதிரிப் பூக்கள், இலையே தெரியாது. அது டெலோஸ்பெர்மா கூப்பரி, தென்னாப்பிரிக்காவின் உயர்ந்த மலைப் பகுதிச் செடி. இலையின் மேல் நுண்ணிய நீர்க்கொப்புளங்கள் இருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உப்புத் தூவிய மாதிரி மின்னும். ஐஸ் என்ற பெயர் அதனால் வந்ததே தவிர, குளிர்ச்சியால் வந்ததல்ல.

அதன் விதை வேலை செய்கிற விதம் இன்னும் அழகு. காய் காய்ந்தபின் இறுக மூடியிருக்கும். மழைத்துளி பட்டால் ஈரம் ஏறி மடல்கள் விரியும், அடுத்தடுத்த துளிகள் விழுகிற வேகத்தில் விதைகள் தெறிக்கும். காய்ந்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். பாறைச் சரிவுச் செடி மழையை இப்படி நம்பியிருப்பதைப் படித்தபோது, நம் மானாவாரிக்காரர்கள் முதல் மழைக்கு விதைப் பெட்டியோடு காத்திருப்பதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் நமக்கு இது ஒத்து வராது. அதன் சொந்த மண்ணிலும் கோடையில்தான் மழை. அப்படியிருக்க இங்கே ஏன் சாகிறது? அங்கே பாறைச் சரிவு, தண்ணீர் நிற்காது. இரவு நன்றாகக் குளிரும். பனி உறைகிற குளிரைத் தாங்கும் செடிக்கு, ஈரமும் புழுக்கமும் கலந்த நம் ஆடி மாத இரவு தாங்கவில்லை. நான் வளர்த்த ஆறு செடிகள் பங்குனி வெயிலைச் சமாளித்துவிட்டன. ஆனி மூன்றாம் வாரத்தில் தண்டின் அடி பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்தது. அடுத்த வருடம் தொட்டியில் வைத்து மழை படாமல் ஓட்டுக்கூரைக்கு அடியில் வைத்தேன். உயிரோடு இருந்தது, பூக்கவில்லை. பூக்காத ஐஸ் பிளாண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஸ் பிளாண்ட் என்று விதைப் பாக்கெட்டில் வருவது பல சமயம் இந்தச் செடியே அல்ல. டோரோதியாந்தஸ் என்ற, பனிக்காலத்தில் மட்டும் பூத்து முடிந்துவிடும் ஒருபருவச் செடி அது. ஆன்லைனில் வாங்கிய ஒரு பாக்கெட்டில் எனக்கு அதுதான் வந்தது. ஐப்பசிக் கடைசியில் விதைத்து மாசியில் பூப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவதானால் தாராளமாகப் போடலாம். தரைமூடியாக வருடம் முழுக்க நிற்கும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

அடுத்தது பேபி சன் ரோஸ். அதே குடும்பம், அதே தென்னாப்பிரிக்கா, ஆனால் குணம் வேறு. இதய வடிவில் பளபளப்பான சின்ன இலை, விரல்நகம் அளவில் சிவப்பு கலந்த ரோஸ் நிறப் பூ. இலையில் வெள்ளை ஓரம் உள்ள வகையும் நர்சரிகளில் கிடைக்கிறது. பூவுக்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். இதன் பலம் இலைதான். சரிவில் அரைநிழல் விழுகிற மேற்குக் கோடியில், தென்னை மட்டைக்கு அடியில், வேறெதுவும் ஒழுங்காக வராத இடத்தில் இது இரண்டு மாதத்தில் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. மண் அரிப்பு நின்றது. மழையையும் ஓரளவு தாங்குகிறது. நடுவில் ஒரு வட்டம் அழுகினாலும் ஓரத்துக் கணுக்களில் வேர் பிடித்திருப்பதால் புரட்டாசியில் தானே மூடிக்கொள்ளும். முழு வெயிலில் வைத்தால் சித்திரையில் இலை மஞ்சளாகிச் சுருங்கும், சாகாது.

இதன் தொல்லை மாவுப்பூச்சி. இலை நெருக்கமாக இருப்பதால் உள்ளே வெள்ளை அப்பியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. செடிமேல் எறும்பு வரிசையாக ஏறினால் உடனே விலக்கிப் பாருங்கள், கீழே பூச்சி இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடிக்கலாம். அதற்கு முன்னால் முற்றியதை ஒட்டக் கத்தரித்துவிடுவது நல்லது.

இனி பத்துமணிப் பூ. மலையாளத்திலும் அதே பெயர்தான். கோயமுத்தூர் பக்கம் டேபிள் ரோஸ் என்பார்கள். தென்னமெரிக்காவில் பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா பகுதியிலிருந்து வந்த செடி. கடையில் ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள், வித்தியாசம் தெரிந்து வாங்க வேண்டும். ஒன்று ஊசி மாதிரி உருண்டை இலை. இன்னொன்று பருப்புக்கீரை மாதிரித் தட்டை இலை. தட்டை இலை வகையை முதன்முதலில் கொண்டுவந்து வைத்தபோது பக்கத்து வீட்டு ஆத்தா வந்து ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது பருப்புக்கீரை சாதியல்லோ? காட்டுல சும்மா கெடக்கறத காசு குடுத்தா வாங்கியாந்தே?"

சாதி ஒன்றுதான் ஆத்தா என்றேன். அவர் சொன்னது சரியே. மலையாளிகள் கொழுப்பச்சீர என்று பொரியல் செய்கிற பருப்புக்கீரையும் இதுவும் ஒரே பேரினம், போர்ச்சுலகா. அந்தக் கீரை வரப்பில் எப்படித் தானாக வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தச் செடியின் பிடிவாதம் புரியும். சாதாரணமாகச் சோளமும் கரும்பும் போல வெயிலை வீணாக்காமல் வளரும். தண்ணீர் வற்றினால் கற்றாழை, கள்ளி வழிக்கு மாறி இரவில் காற்றை உள்ளிழுத்துச் சேமிக்கும். ஒரே செடியில் இந்த இரண்டு ஏற்பாடும் இருப்பது அபூர்வம்.

எது மேல்? ஊசி இலையில் அடுக்குப் பூ, குட்டி ரோஜா மாதிரி, கண்ணைப் பறிக்கும். ஆனால் அடுக்கில் மழைநீர் தங்கி, பூ கூழாகி, அந்த அழுகல் காம்புக்கு இறங்குகிறது. அடுக்குப் பூவில் மகரந்தம் குறைவு, விதையும் குறைவு. அதனால் செடி போனால் போனதுதான். ஊசி இலையிலேயே ஒற்றைப் பூ வகை அப்படியல்ல. தானே விதை கட்டும். காய் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. முற்றியதும் மேல்பாதி செப்பு மூடி போலக் கழன்று விழும், உள்ளே எஃகுத்தூள் மாதிரி மினுங்கும் விதைகள். மழையில் தாய்ச்செடி அழுகினாலும் ஆவணியில் அதே இடத்தில் சிவந்த முளைகள் வரும். நான் விதை சேர்த்து வைப்பதே இல்லை.

தட்டை இலை வகையோ மழையில் எல்லாவற்றையும்விட நன்றாக நிற்கிறது. படர்வதும் வேகம். என் சரிவில் காலை எட்டரைக்கே விரிந்து ஒரு மணிக்குள் மூடிக்கொள்ளும். ஊசி இலை ஒன்பதரை, பத்துக்கு விரிந்து இரண்டு, மூன்று மணி வரை இருக்கும். மேக மூட்டமான நாளில் இரண்டும் அரைகுறைதான். வேலைக்குப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குப் பஸ் பிடித்து ஆறு மணிக்குத் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூவைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கு நான் இலைக்காகப் பேபி சன் ரோஸையே சொல்கிறேன்.

ஒற்றைப் பூ விரிந்திருக்கும்போது ஒரு துரும்பால் நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை ஒரு பக்கம் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தொட்ட பக்கமாக மெல்லச் சாயும். தேனீ உட்காரும்போது நடப்பதும் அதுதான், மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. என் மகள் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை வந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுக்குப் பூவில் இது தெரியவே தெரியாது. எனக்கு ஒற்றைப் பூ பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண் விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே விதி. கரிசலில் நேராக நடாதீர்கள். அதன்மேல் அரையடி உயரத்துக்குச் செம்மண்ணும் சிறு ஜல்லியும் சம அளவில் கலந்து மேடு கட்டி நடுங்கள். எம் சாண்ட் போடுவதானால் தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் சிமென்ட் தரை மாதிரி இறுகும். பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதால் தென்னைநார்த் தூள் மலிவு, எந்தத் தொட்டியிலும் அதைத்தான் அடைக்கிறார்கள். இந்தச் செடிகளுக்கு அது வேண்டாம். கோடையில் நல்லது செய்கிற அதே ஈரப்பிடிப்பு ஜூனில் கொன்றுவிடும். உரம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, மக்கிய சாணம் ஒரு கைப்பிடி. யூரியா போட்டவர்கள் வீட்டில் தண்டு நீண்டு பூ இல்லாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் பூப் பூத்து ரோட்டோரமெல்லாம் படர்ந்திருக்கும் வெடேலியாவைச் சிலர் இதற்குப் பதிலாகச் சொல்வார்கள். காசில்லாமல் கிடைக்கும், உண்மைதான். கேரளத்தில் தோப்பு, வாய்க்கால் என்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போகிற களை அது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரை நினைத்தாவது விட்டுவிடுங்கள்.

இப்போது என் சரிவு இப்படி இருக்கிறது: கிழக்கே முழு வெயிலில் ஊசி இலை ஒற்றைப் பூ, நடுவில் தட்டை இலை, தென்னை நிழலில் பேபி சன் ரோஸ். தண்ணீர் சித்திரையில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் வானம் பார்த்துத்தான். புதிதாகத் தொடங்குகிறவர் ஒன்றே ஒன்று வாங்குவதானால் தட்டை இலையை வாங்குங்கள். மூன்று அங்குலக் கிளையை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, முக்கால் அடிக்கு ஒன்றாகச் செருகினால் பத்துப் பன்னிரண்டு நாளில் வேர் பிடிக்கும்.

வைகாசிக் கடைசியில் ஒவ்வொரு வகையிலும் இருபது கிளை ஒடித்து ட்ரேயில் நட்டு, சாரல் படாத வெளிச்சமான திண்ணை ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஆடியில் தரையில் எது அழுகினாலும் ஆவணியில் நடக் கையில் செடி இருக்கும். நாட்டுக்கோழி வளர்க்கிற வீடாக இருந்தால் ட்ரேயை ஆளுயரத்தில் வையுங்கள். போன வருடம் என் ட்ரேயை ஒரே காலையில் கொத்தித் தீர்த்துவிட்டன, ஆத்தா வீட்டுச் சரிவிலிருந்துதான் நான் மறுபடி கிளை வாங்கி வந்தேன்.