விலைக்கழிவு 1,000 ரூபா, மிச்சமெல்லாம் வேலையாக: கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் கடை

மகள் இந்த ஆண்டு தரம் 10இற்கு வந்ததிலிருந்து பாடசாலைக்கும் மாலை வகுப்புக்குமாக நாளொன்றுக்கு 12 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓட வேண்டியிருப்பதால், கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரம் உள்ள ஒரு கடையில் அவளுக்குப் புதிய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வாங்கி இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. கடையின் நிறை குறைகளையும், அங்கே எதைக் கேட்டால் கிடைத்தது, எதைக் கேட்டால் கிடைக்கவில்லை என்பதையும் இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

எங்கள் வீட்டில் அதுவரை இருந்த சைக்கிள் விலை பேசி வாங்கியது அல்ல. வட மாகாணத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு இந்திய அரசு 10,000 சைக்கிள்களை வழங்கியபோது எமக்கும் ஒன்று கிடைத்தது. வெறுங்கையுடன் காணிக்குத் திரும்பியிருந்த எமக்கு அது கால் முளைத்தது போல இருந்தது. அந்த வண்டியை இத்தனை ஆண்டுகள் ஓடித் திருத்தியதில்தான் ஒரு சைக்கிள் எங்கே செலவு வைக்கும் என்பதைப் படித்தேன். சில்லு நெளிந்தால் ரயர் ஒரு பக்கமாகத் தேயும். அச்சில் கிறீஸ் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் குண்டுகள் அரைபட்டுச் சில்லே ஆடத் தொடங்கும். இடப்பக்கப் பெடல் மறுவளமாகத் திருகப்படுவது என்பதை அறியாத ஒருவர் அதை வலிந்து நெருக்கினால் புரி அழிந்து பெடலைத் தாங்கும் கையையே முழுதாக மாற்ற வேண்டிவரும். இவையெல்லாம் பெரும்பாலும் வண்டியைப் பூட்டும் நாளில் கவனிக்கப்படாமல் விடப்படுகிற சிறிய வேலைகளின் விளைவுகள். ஆகவே கடைக்குப் போகும்போதே, விலையைக் குறைப்பதை விட இந்த வேலைகளைச் சரியாகச் செய்விப்பதே எனக்கு முக்கியமாக இருந்தது.

வாங்குவதற்கு முன் மூன்று கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நான் விலையைக் கேட்கவே இல்லை, அதற்குள் தவணைக் கணக்கைச் சொன்னார்கள்: கையில் 10,000 ரூபா கட்டினால் போதும், மிகுதியை மாதம் 4,200 ரூபாவாகப் பன்னிரண்டு மாதத்தில் கட்டலாம். காதுக்கு இலகுவாகத்தான் இருந்தது. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி கூட்டிப் பார்த்தேன். 60,400 ரூபா வந்தது. அதே வண்டியின் கைக்காசு விலை 48,500. ஏறத்தாழ 12,000 ரூபாவைக் கூடுதலாகக் கட்டிவிட்டு, அவர்கள் இலவசமாகத் தருவதாகச் சொன்ன தண்ணீர்ப் போத்தலுக்கு நன்றி சொல்லவும் வேண்டியிருந்திருக்கும். நுண்கடனில் அகப்பட்டு நகைகளை இழந்த பெண்களை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: தவணையில் வாங்குவதே உங்கள் நிலையானால், மாதத் தொகையைப் பற்றிப் பேசாதீர்கள், மொத்தத் தொகையைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான் வாங்கிய கடையிலும் கேட்ட விலை 48,500தான். 26 அங்குலச் சில்லு, கேபிள் பிறேக், கரியர், ஸ்ராண்ட், செயின் கவர் ஆகியவற்றுடன் கூடிய பெண்கள் சைக்கிள் அது. 2022இல் எரிபொருளுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் ஏறிய சைக்கிள் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை என்பதை எல்லோரும் அறிவோம். நான் 3,000 ரூபா குறைக்கச் சொன்னேன். கடைக்காரத் தம்பி கல்குலேற்றரை எடுக்கவே இல்லை. "அக்கா, சைக்கிளில எங்களுக்கு மிஞ்சிறது கொஞ்சம். ஆயிரம் குறைக்கிறன், அதுக்கு மேல கேட்டால் நான் கைக்காசு போடவேணும்" என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன், ஏனென்றால் மற்ற இரண்டு கடைகளிலும் கைக்காசு விலை சில நூறு ரூபாவுக்குள்தான் வேறுபட்டது. எல்லாக் கடையிலும் விலை ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அந்த இடத்திலேயே நின்று இழுபறிப்படுவதில் பயன் இல்லை.

அங்கிருந்துதான் பேச்சின் திசையை மாற்றினேன். "சரி தம்பி, ஆயிரத்தோட விலைப் பேச்சை விடுறன். சாமானில பார்ப்பம்" என்றேன். முன்கூடைக்கு 1,400, பூட்டுக்கு 950, மேலதிக ரியூப் ஒன்றுக்கு 850 என்று கடையில் விலை ஒட்டியிருந்தது, கூட்டினால் 3,200. அவருக்கு அவை கொள்விலைக்கு வந்தவை. எனக்கோ வெளியே சென்றால் முழு விலை கொடுக்க வேண்டியவை. கூடைக்கும் பூட்டுக்கும் உடனே தலையாட்டினார். ரியூப்புக்குச் சற்றுத் தயங்கினார். எங்கள் பக்கத்துக் கிறவல் வீதியிலும் வாய்க்கால் அணைக்கட்டிலும் நெருஞ்சி முள் ஏறாத கிழமை இல்லை என்பதையும், இரவு வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக்கு ஒட்டுப் போட ஆள் தேடிக் கொடுக்க முடியாது என்பதையும் சொன்னபோது அதையும் எடுத்து வைத்தார். காரணத்தைச் சொல்லிக் கேட்கும்போது கடைக்காரருக்கும் கொடுக்க மனம் வருகிறது என்பதை அன்று கண்டேன்.

அடுத்து, வண்டியை விசுவமடுவுக்குக் கொண்டுபோவது. கடையின் பட்டா வாகனம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் புதுக்குடியிருப்புக்குச் சாமான் ஏற்றிச் செல்வதைப் பேச்சோடு பேச்சாக அறிந்திருந்தேன். எங்கள் ஊர் அந்த வழியில்தான் உள்ளது. "வியாழன் வரேக்க இறக்கிவிடுங்கோ" என்றேன். அதற்கு அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. அவருக்குச் செலவே வைக்காத ஒன்று எனக்கு ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியது.

ஆனாலும் நான் பெற்றவற்றுள் பெறுமதி மிக்கது கடையின் பின்புறத்தில் கிடைத்தது. வண்டியைப் பூட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டேன், அனுமதித்தார்கள். திருத்துநராக இருந்த இளைஞர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சில்லைச் சுற்றிவிட்டு, பெருவிரல் நகத்தை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் ரிம் வந்து நகத்தில் தட்டிச் சென்றது. அவர் அந்த இடத்துக் கம்பிகளில் ஒரு பக்கத்தவற்றை அரைத் திருகு நெருக்கி, எதிர்ப்பக்கத்தவற்றை அதே அளவு தளர்த்தி, மீண்டும் சுற்றினார். நான்காவது தடவையில் நகத்துக்கும் ரிம்முக்கும் இடையிலான இடைவெளி சுற்று முழுவதும் ஒரே அளவாக இருந்தது. முன் அச்சையும் கழற்றிக் காட்டச் சொன்னேன். உள்ளே கிறீஸ் பெயருக்குத்தான் பூசப்பட்டிருந்தது. முகம் சுழிக்காமல் துடைத்து, புதிதாக அப்பி மூடினார். இதற்கு அரை மணித்தியாலம் கூடுதலாகச் சென்றது. இந்த அரை மணித்தியாலத்தை எந்தக் கழிவுக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காசைக் கொடுப்பதற்கு முன் பற்றுச்சீட்டைக் கேட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தேயாக வேண்டும். எனவே அதைச் சலுகையாக நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை. வண்டியின் பிறேம் இலக்கத்தையும், இலவசமாகத் தந்த பொருட்களையும், "ஒரு மாதத்தில் இலவசமாகச் சரிபார்த்துத் தரப்படும்" என்ற வரியையும் அதிலேயே எழுதுவித்தேன். பிறேம் இலக்கம் கையில் இருந்தால்தான் வண்டி களவு போனால் பொலிஸில் உறுதியாக முறையிடலாம்.

குறைகளும் உண்டு. வியாழக்கிழமை வண்டி வந்திறங்கியபோது கூடையில் இருந்த பூட்டு, கடையில் எனக்குக் காட்டியது அல்ல. மெல்லிய கம்பியால் ஆன மலிவான ஒன்று. பற்றுச்சீட்டில் "பூட்டு" என்று மட்டும் எழுதுவித்தது என் பிழை, வகையையும் விலையையும் சேர்த்து எழுதுவித்திருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டபோது முதலில் மழுப்பினார்கள். பெடலில் ஒளிதெறிப்பான் இருந்தது. பின் மட்காட்டில் இல்லை, கடையிலும் இருப்பில் இல்லை என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் எழுதித் தந்தபடி வண்டியைக் கொண்டுசென்றேன். புதிய சில்லின் கம்பிகள் முதல் சில கிழமை ஓட்டத்தில் இளகுவது இயல்பு, பிறேக் கேபிளும் சற்று நீளும். ஆகவே இந்தப் பயணத்தைத் தவறவிடக் கூடாது. கடையில் அன்று நல்ல கூட்டம், ஒன்றரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை: கம்பிகளை நெருக்கினார்கள், பிறேக்கை இறுக்கினார்கள், செயினுக்கு எண்ணெய் விட்டார்கள், காசு கேட்கவில்லை. பூட்டைப் பற்றி மீண்டும் சொன்னபோது கடைக்காரத் தம்பி தானே தட்டிலிருந்து முதலில் காட்டிய பூட்டை எடுத்துத் தந்து, பழையதை வாங்கிக்கொண்டார். சிவப்பு ஒளிதெறிப்பானை மட்டும் பரந்தன் சந்தியில் வேறொரு கடையில் வாங்கி, மகள் அடுத்த நாள் மாலை வகுப்புக்குப் புறப்படுவதற்கு முன் மட்காட்டில் பூட்டிவிட்டேன்.