காற்று வருகிறது, சூடு வரவில்லை: என் டிரெய்லர் ஃபர்னஸ்

சீசன் முடிந்து, காருக்குப் பின்னால் இழுத்துப்போய் முகாமில் தங்கும் டிரெய்லர்களுக்கு விலை குறைத்திருக்கிறார்களாம். என்னிடம் இருக்கும் அதே மாடலை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கட்டில், கிச்சன், டாய்லெட் கதையெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பது, உள்ளே சூடேற்றும் ஃபர்னஸ் பற்றி மட்டும்தான்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். ஓடும்போது இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) புரோப்பேன் கேஸ் ஃபர்னஸ். கனடாவில், ஒன்டாரியோவின் அல்கான்குவின் பூங்காவில் மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். அங்கே மைனஸில் போன இரவுகளில்கூட மெல்லிய சட்டையோடு உள்ளே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் என்பதால் சிலிண்டர் குளிருக்கு மசிவதில்லை. நம் ஊர் சமையல் கேஸில் இருக்கும் பியூட்டேன் என்றால் பூஜ்யம் வந்ததுமே படுத்துவிடும்.

கரண்ட் இல்லாத இடத்தில் நிறுத்தினால்தான் இதன் சுயரூபம் தெரியும். நடுராத்திரியில், குளிர்ந்ததும் ஃபர்னஸை ஓடச் சொல்லும் தெர்மோஸ்டாட் கிளிக் என்கிறது, ஃபேன் சுற்றுகிறது, ஐஸ் காற்று முகத்தில் அடிக்கிறது. அதோடு சரி.

ஏன் அப்படி? ஃபேனின் ஒரே மோட்டார் இரண்டு சக்கரங்களைச் சுற்றுகிறது. ஒன்று எரிவதற்குக் காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளும், மற்றது சூட்டை அறைக்குள் அனுப்பும். காற்று போதிய வேகத்துக்கு வந்தால்தான் காற்றோட்டத்தை உணரும் செயில் சுவிட்சில் இருக்கும் மெல்லிய தகடு நகர்ந்து இணைப்புக் கொடுக்கும். அப்புறம்தான் கேஸ் வால்வு திறக்கும், டிக் டிக் என்று பொறி தட்டும், புஸ்ஸென்று பற்றும். ஆக, காதைக் கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். டிக் டிக் கேட்டும் பற்றவில்லையா, முதலில் கேஸைப் பாருங்கள். அந்தச் சத்தமே இல்லையா, காற்றையும் பேட்டரியையும் பாருங்கள்.

ரிப்பேர் கடையில் யாரும் காதைக் கொடுக்கவில்லை. ஃபர்னஸை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று மாற்றி, நீளமாக ஒரு பில் போட்டார்கள். பிளக்கில் செருகி ஓட்டியும் காட்டினார்கள். ஜம்மென்று எரிந்தது, பிளக்கில் முழு கரண்ட் வரும்போது எரியாமல் என்ன செய்யும்? அடுத்த முறை காட்டுக்குள் போனதும் பழைய கதை.

கடைசியில் ஃபேன் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 12.3 வோல்ட் காட்டிய பேட்டரி, ஃபேன் ஓடியதும் மோட்டார் ஒயரில் 10.4. ஏழெட்டு ஆம்பியர் இழுக்கிறது, குளிரில் லெட்-ஆசிட் பேட்டரிக்குத் தெம்பும் குறைவு. ஃபேன் கொஞ்சம் மந்தமானால் தகடு அசையாது. பேட்டரி முனையில் பூத்திருந்ததைச் சுரண்டி, எர்த் ஒயரை மாற்றியதில் பாதி குணமானது. மீதிப் பாதி அந்தத் தகடேதான். நாய் முடியும் பஞ்சும் திரிபோல முறுக்கி அதில் ஒட்டியிருந்தன.

எனக்கு ஆத்திரம் இங்கேதான். சுவிட்ச் ஒரு பீட்சா விலைகூட இராது. ஆனால் அதைத் தொட கேஸ் லைனைக் கழற்றி, பெட்டியை முழுசாக வெளியே இழுக்க வேண்டும். திரும்ப மாட்டினால் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. இதை வடிவமைத்த ஆள் ஒரு இரவாவது இதற்குள் படுத்திருப்பாரா என்று தெரியவில்லை. சுவிட்சையே ஒயர் போட்டுத் தாண்டிவிடு என்று முகாமில் சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃபேன் நின்றுபோனாலும் கேஸைத் திறக்கவிடுகிற வேலை அது.

சுத்தம் செய்த பிறகு ஒரு குறையும் இல்லை. போன வாரம்கூட பேட்டரியிலேயே விடியும்வரை ஓடியது. சூடு, பாதுகாப்பு, சிக்கனம் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண்தான் கொடுப்பேன். நண்பரிடம் மட்டும், அந்த மாடல் வேண்டாம், வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். என்னுடையதை விற்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம், விற்க மாட்டேன்.