குளிருக்கு பேஸ் குறையுமா? ‘ஜெர்மேனியம்’ ஃபஸ் பெடல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நுவரெலியா, ஹட்டன் பக்கம் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ‘பேஸுக்கென்றே செய்த அசல் ஜெர்மேனியம் ஃபஸ்’ (ஃபஸ் என்பது ஒலியைக் கரகரவென்று கிழிக்கும் பெடல், ஜெர்மேனியம் என்பது பழைய ட்ரான்சிஸ்டர்கள் செய்த பொருள்) என்று சொல்லி, பாவித்த பெடல் ஒன்று இங்குள்ள கடையொன்றில் நல்ல விலைக்குத் தள்ளிவிடப்பட்டிருக்கிறது. வாங்கியது தோட்டத்துத் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசிக்கும் ஒரு இசைக்குழு. டி, ஜி கம்பிகளில் பெடல் நன்றாகவே கடிக்கிறது. ஆகத் தாழ்ந்த ஒலி தரும் தடித்த ஈ கம்பிக்கு வந்தால் தகரத்தில் தட்டின சத்தம். திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் சொன்ன பதில்தான் விசேஷம்:

“தம்பி, இது ஜெர்மேனியம். நம்ம ஊர் குளிருக்கு அப்படித்தான் மெலிவா கேக்கும். சூடு ஏறினா பேஸ் தானா வந்துரும்.”

பாதி உண்மை கலந்த பொய் என்பதால்தான் இது எடுபடுகிறது. ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் வெப்பநிலைக்கு ஆடும் என்பது சரி. அதன் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய 10 பாகை ஏறும்போது இரட்டிப்பாகும். ஆனால் அதனால் கெடுவது கொழும்பு வெக்கையில்; நுவரெலியாக் குளிரில் அல்ல. சூடேறினால் இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் மின்னழுத்தம் இருக்கவேண்டிய சுமார் 4.5 வோல்ட்டிலிருந்து விலகி, சத்தம் அடைத்துக்கொண்டு துண்டு துண்டாக வரும். ஈ கம்பி காணாமல் போவதற்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. அது, தாழ்ந்த ஒலியை எவ்வளவு உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் கப்பாசிட்டரின் வேலை.

பெடலைக் கழற்றிப் பார்த்ததில் இருந்தது ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற பழைய கிட்டார் பெடல் வகைச் சுற்று, இரண்டு ட்ரான்சிஸ்டர். இரண்டும் உலோக மூடி போட்டவை, மேலிருந்த எழுத்து சுரண்டப்பட்டிருந்தது. உலோக மூடி என்றாலே ஜெர்மேனியம் என்று நம்பிவிடாதீர்கள், பிசி108 போன்ற சிலிக்கன் ட்ரான்சிஸ்டரும் உலோக மூடியில்தான் வந்தது. மல்டிமீட்டர் ஒன்று போதும். பெடலுக்கு மின்சாரம் கொடுத்து ட்ரான்சிஸ்டரின் பேஸ் (base) காலுக்கும் எமிட்டர் காலுக்கும் இடையே அளந்தால் ஜெர்மேனியம் 0.1 முதல் 0.3 வோல்ட் வரை காட்டும், சிலிக்கன் 0.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். இதில் இரண்டுமே 0.6.

உள்ளீட்டில் 2.2 மைக்ரோஃபரட் இருக்கவேண்டிய இடத்தில் ‘104’ என்று அச்சிட்ட சின்னக் கப்பாசிட்டர், அதாவது 100 நானோஃபரட். இந்தச் சுற்றின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோஓம் அளவுக்குத் தாழ்ந்தது. கணக்குப் போட்டால் வெட்டு அதிர்வெண், அதாவது அதற்குக் கீழே ஒலி குறைந்துகொண்டே போகும் இடம், சுமார் 160 ஹெர்ட்ஸ். பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அது ஃபஸ்ஸுக்குள் நுழையும் முன்பே 12 டெசிபல் அளவு குறைந்துவிடுகிறது. கிட்டாருக்கு இது குற்றமில்லை, சிலர் விரும்பியே இப்படிச் செய்வார்கள். அதன்மேல் ‘பேஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியதுதான் மோசடி.

கடையில் சோதித்தபோது ஏன் பிடிபடவில்லை? 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்பில், கடையிலிருந்த கிட்டாரை வைத்து வாசித்துக் காட்டினார்கள். அந்த ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் இருந்தாலும் கேட்காது, இல்லாவிட்டாலும் தெரியாது. உங்கள் சொந்த பேஸையும், முடிந்தால் பேஸ் ஆம்ப்பையும் கொண்டுபோங்கள். தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது சிரமம்தான், ஆனாலும் போங்கள். பெடலை அணைத்து ஈ கம்பியைத் தட்டுங்கள், பிறகு போட்டுத் தட்டுங்கள். அடிவயிற்றில் படும் கனம் குறைந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மின்சாரத்திலும் ஒரு துப்பு உண்டு. பழைய ஏசி128, என்கேடி275 போன்ற பிஎன்பி ஜெர்மேனியம் பெடல்கள் பெரும்பாலும் நேர்முனையைத் தரையாகக் கொண்டவை, மற்றப் பெடல்களுக்கு எதிர்முனைதான் தரை. மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் சங்கிலியாகக் கோர்த்தால் ஷோர்ட் ஆகும். கடைக்காரர் பயமில்லாமல் கோர்த்துக் காட்டினால் சந்தேகப்படலாம். முடிவாகச் சொல்ல முடியாது, ஏசி127 போன்ற, மின்முனை எதிர்மாறான என்பிஎன் ஜெர்மேனியமும் இருக்கிறது. இரைச்சல் வந்தால் 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை அடாப்டரில், பெடலில் இல்லை.

இன்னொன்று, ஜெர்மேனியம் என்ற பெயருக்கு மயங்குவதே வீண். உங்களுக்கு வேண்டிய ஒலி எது என்பதுதான் முதல் கேள்வி. அடர்த்தியாக நீண்டு நிற்கும் சுவர் மாதிரியான ஒலி வேண்டுமென்றால் பிக் மஃப் வகை. அது சிலிக்கன்தான், பேஸ்காரர்கள் தேடும் பச்சை நிற ரஷ்ய மஃப்பும் சிலிக்கன்தான். ஆனால் அதன் டோன் சுற்று 1000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் குழியாக்கும். தனியாக வாசிக்கும்போது மலை மாதிரி இருக்கும், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் மறைந்துவிடும். சின்த் போல வெடுக்கென்று அறுந்து நிற்கும் ஒலி என்றால் வூலி மாமத் வகை. அதே ஸ்வரம் ஓர் ஒக்டேவ் மேலே ஏறிக் கிழியும் ஒலிக்கு சூப்பர் ஃபஸ் வகை. பெரிங்கர் எஸ்எஃப்300 இந்த வழியில் வந்த மலிவான பெடல், பிளாஸ்டிக் உறை, ஆனால் ஈ கம்பி நிற்கும். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பேஸ் பிக் மஃப்பில் சுத்தமான ஒலியைக் கலக்க ‘டிரை’ சுவிட்சே இருக்கிறது. நீங்கள் இசைத்தட்டில் கேட்டு ஆசைப்படும் ஃபஸ் பேஸ் பலவற்றிலும் அடியில் இந்தச் சுத்தமான ஒலி ஓடிக்கொண்டிருக்கும்.

சுத்தமான ஒலியையும் ஃபஸ்ஸையும் கலக்கும் தனிப் பெட்டி வாங்கினால் கலப்புக் குமிழை நடுவில் வைத்து ஈ கம்பியைத் தட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் கனம் இறங்கினால் ஃபஸ் அலையைத் தலைகீழாக்குகிறது என்று அர்த்தம், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன.

ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கு: அந்த ‘104’ஐ எடுத்துவிட்டு 2.2 மைக்ரோஃபரட் போட்டால் வெட்டு 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். வெளியீட்டில் ‘103’ இருந்தால் ‘104’ ஆக்குங்கள். ரேடியோ திருத்துகிற எந்தக் கடையிலும் செய்துகொள்ளலாம். ஆனால் முறைப்பாடு செய்யும் எண்ணம் இருந்தால் சோல்டரிங் அயனைச் சூடாக்கும் முன் நிறுத்துங்கள். உள்ளே உள்ளதையும் மீட்டர் அளவையும் படமெடுத்து, ‘ஜெர்மேனியம், பேஸ்’ என்று எழுதிய பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் பேசுங்கள். பில்லில் வெறுமனே ‘பெடல் 1’ என்றுதான் எழுதித் தருவார்கள். முழுப் பெயரையும் எழுதச் சொல்லி, காசைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.