பி.டி.ஐ. கொசுப்புழு மருந்து: முற்றத்துக்குச் சரி, கண்மாய்க்கு வேண்டாம்

காரைக்குடியில் ஒரு உரக்கடையில் வாங்கினது, தூள் பாக்கெட். பி.டி.ஐ. என்பது ஒரு பாக்டீரியா, 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்தது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கென்றே செய்தது போலிருக்கிறது. முற்றத்துத் தூம்பில் கொட்டுகிற மழைத்தண்ணீரைப் பிடிக்க அண்டா, கிடாரம், கல்தொட்டி என்று வரிசையாகக் கிடக்கும். பங்காளிகளெல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவே திறக்கும். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

தூளைக் கரைத்துக் கல்தொட்டியில் ஊற்றினேன். தலைகீழாகத் தொங்கி நெளிந்த புழுக்கள் மறுநாள் காலையில் கறுத்துப்போய் அடியில் கிடந்தன. சந்தோஷம்தான், ஆனால் புழு இதைத் தின்றால்தான் சாகும், அதன் குடலில் இருக்கிற காரத்தில்தான் நச்சுப்புரதம் கரைந்து வேலை செய்யும். கமா மாதிரி வளைந்து துள்ளுமே கூட்டுப்புழு, அது எதையும் தின்னாது, அதனால் அதெல்லாம் கொசுவாகிப் பறந்தே போனது. பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வெயில் படுகிற தொட்டியில் வீரியம் சீக்கிரம் போய்விடும், திரும்பப் போட வேண்டும். அப்புறம் அண்டாவைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவணும். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

எரிச்சல் கடைக்காரர் மேல்தான். "கண்மாயிலேயும் போடலாம்ணே, ஒண்ணும் ஆகாது" என்று பெரிய பாக்கெட்டைத் தள்ளப் பார்த்தார். மீனுக்கும் தவளைக்கும் ஒன்றும் ஆகாது, சரி. ஆனால் தண்ணீரில் வளர்கிற, நம்மைக் கடிக்காத சில சின்ன ஈக்களின் புழுவையும் இது கொல்லும், அதுதான் மீனுக்கும் பறவைக்கும் தீனி. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த மாதிரிக் கண்மாயில் இதைக் கொட்டச் சொல்வது நியாயமா? மீனும் தட்டான் குஞ்சும் இருக்கிற தண்ணீரில் கொசுப்புழு அவ்வளவு சுலபமாகத் தப்பாது. கரையோரம் மண்டிக்கிடக்கிற ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டால் மீன் உள்ளே போய்த் தின்ன வழி கிடைக்கும். கொசுப்புழுவைத் தின்னக் கம்பூசியா மீன் விடலாம் என்றும் கடைக்காரர் சொன்னார், அது இன்னும் மோசம், தவளைக் குஞ்சையும் நாட்டு மீனின் குஞ்சையும் சேர்த்துத் தின்கிற வெளிநாட்டு மீன்.

வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம், சின்ன பாக்கெட்டே போதும். ஈரம் பட்டால் கட்டிதட்டிவிடுகிறது, மூடி போட்ட டப்பாவில் மாற்றிப் பெயர் எழுதி வையுங்கள். அடுப்படிப் பக்கம் வேண்டாம், எங்கள் அப்பத்தா சுக்குத்தூளா என்று எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டார்.