தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்.இ: தூளில தூங்கற புள்ளைய எழுப்பாத கூலர்

எங்க வீட்ல ஒரே பெட்ரூம், கம்ப்யூட்டர் டேபிளும் அங்கதான் பாப்பாவோட தூளியும் அங்கதான். ராத்திரி பத்து மணிக்கு மேல பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் (படத்தை முழுசா கணக்குப் போட்டு வரையற வேலை) போட்டா ப்ராசசரோட பெட்டிலயே வந்த, அதோட சூட்டைத் தணிக்கற குட்டி கூலர் ஊய்ய்னு ஏறும், அவ சிணுங்குவா, வீட்டம்மா ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க... சரி கூலரை மாத்திட வேண்டியதுதான்னு முடிவு பண்ணேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். சீலிங் ஃபேன் தடதடன்னு ஓடுது, அதுக்கு அவ முழிக்கறதே இல்ல. அப்ப சத்தம் எவ்வளவுங்கறது இல்ல விஷயம், ஏறி ஏறி இறங்கறதுதான். பிரவுசர்ல ஒரு டேப் தொறந்தாலே ப்ராசசர் சூடு பொசுக்குனு பத்து டிகிரி எகிறும், சின்ன கூலர்ல அதை வாங்கி வச்சுக்க உலோகமே கிடையாது, உடனே ஃபேன் துரத்தும், ரெண்டு செகண்ட்ல அடங்கும், மறுபடி துரத்தும். பெரிய கூலர்னா தகடு நெறைய, ஃபேன் மெதுவா சுத்துனாலே போதும். காசு அந்த மெதுவுக்குத்தான் குடுக்கறோம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கேட்டா பையன் எடுத்த எடுப்புல "லிக்விட் கூலர் போட்ருங்கண்ணா, லைட்டெல்லாம் எரியும், கெத்தா இருக்கும்"ங்கறான். 65 வாட் ஆறு கோர் ப்ராசசருக்கு எதுக்குப்பா தண்ணி, அதுல பம்ப் வேற எந்நேரமும் ஓடிட்டே இருக்கும், ராத்திரி அமைதியில அந்த ஙொய்ய்ங்கற சத்தம் வேறயான்னு வந்துட்டேன். நாக்டுவா என்.ஹெச்-டி15ங்கற பெரிய ஃபேன் கூலர் மேல ஆசைதான், 2014ல வந்தது இன்னும் பேர் கெடல, ஆனா உயரம் 165 மில்லிமீட்டர், என் கேபினெட் 160 வரைக்கும்தான் தாங்கும். விலையும் நான் கடைசியா வாங்குனதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. பீர்லெஸ் அசாசின் 155தான், ரெண்டு டவர் (தகடு அடுக்கு), சூட்டை மேல கடத்தற ஆறு ஹீட் பைப், ரெண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன், நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. நீங்க எது வாங்கினாலும் கேபினெட் உயரத்தையும் ரேம் உயரத்தையும் அளந்துட்டு வாங்குங்க, ரேம் உயரமா இருந்தா முன்னாடி ஃபேனை மேல ஏத்தி மாட்டணும், அந்த ஏத்தம் மொத்த உயரத்துல கூடிடும், நெறைய பேர் மாட்டிக்கறது இங்கதான்.

மாட்டறப்ப ரெண்டு இடத்துல உஷார். ஏ.எம்.4 சாக்கெட்ல (ஏ.எம்.டி ப்ராசசர் உக்கார்ற இடம்) பழைய கூலரை நேரா புடிச்சு இழுத்தீங்கன்னா, நடுவுல தடவியிருக்கற தெர்மல் பேஸ்ட் காஞ்சு ஒட்டி ப்ராசசரும் சேர்ந்தே புடுங்கிட்டு வந்துரும், பின்னு வளைஞ்சா போச்சு. அதனால பத்து நிமிஷம் எதாவது ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி பிளக்கை எடுத்துட்டு, கூலரை இப்படியும் அப்படியும் மெதுவா திருகி எடுக்கணும். நாலு ஸ்க்ரூவும் கழண்டதும் போர்டுக்குப் பின்னாடி இருக்கற இரும்புத் தகடு டொப்புனு விழும், அது திரும்ப வேணும், ஒரு கையால புடிச்சுக்கோங்க. இந்த மாதிரி ரெட்டை டவர்ல நடு ஃபேனை கழட்டினாதான் ஸ்க்ரூவுக்கு வழி, அந்த ஃபேன் கம்பியை மாட்டறதுக்குள்ள என் விரல் ரெண்டு வாட்டி கிழிஞ்சுது.

ரிசல்ட்டுக்கு வரேன். மே மாசம், ஏசி போடாம ரூம்ல 34 டிகிரி, அரை மணி நேரம் ரெண்டர். பழசுல 88, ஃபேன் ஃபுல் ஸ்பீடு. இதுல 66, ஃபேன் 900 ஆர்.பி.எம் கிட்ட, அதோட முழு வேகமே 1550தான். சும்மா இருக்கறப்ப 43 காட்டுது, அதைப் பாத்து பயப்படாதீங்க, காத்துல ஓடற எந்த கூலரும் ரூம் சூட்டுக்குக் கீழ போகாது. ஐரோப்பால 20 டிகிரி ரூம்ல டெஸ்ட் பண்ண வீடியோவைப் பாத்துட்டு நம்ம ஊர்ல அதே நம்பரைத் தேடுனா கெடைக்காது.

ஆனா ஒண்ணு, மாட்டின முதல் நாள் இதுவும் ஏறி இறங்கி விளையாடுச்சு! எந்த சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்னு மதர்போர்டு வச்சிருக்கற டிஃபால்ட் கர்வ் அப்படி. பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்) போயி 60 டிகிரி வரைக்கும் ஃபேன் 40 சதவீதம்னு மட்டமா கோடு போட்டுட்டேன், அதுக்கு மேல 75 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், வேகம் மாறறதுக்கு சில செகண்ட் டிலே வேற வச்சேன். அப்பறம்தான் அடங்குச்சு. இதை செய்யாம பத்தாயிரம் ரூபா கூலர் வாங்குனாலும் புள்ள முழிச்சுக்கும், சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, பெட்டியை தூக்கிப் போட்றாதீங்க. இன்டெல் போர்டுக்கு மாட்டற பாகமெல்லாம் அதுலதான் கெடக்கு, எங்க வீட்ல அது பழைய பேப்பரோட போகப் பாத்துச்சு, கடைசி நிமிஷத்துல புடுங்கி வச்சேன்.