ஒட்டுசுட்டானில் உடனுக்குடன் மின்னஞ்சல்: ஃபெயர்ஈமெயில் செயலியுடன் எட்டு மாதங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இயங்கும் எங்கள் மகளிர் கூட்டுறவுச் சங்கம் கச்சான், உளுந்து, ஒடியல் மா ஆகியவற்றைத் துப்புரவு செய்து பொதியிட்டு, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள கடைகளுக்கு அனுப்பி வருகிறது. கொள்வனவு செய்பவர்கள் இப்பொழுது கடிதம் எழுதுவதில்லை. காலையில் விலைமனு கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மாலை 4 மணிக்கு முன் பதில் வர வேண்டும் என்று கடைசி வரியில் குறிப்பிட்டுவிடுகிறார்கள். கடந்த வருடம் அப்படியொரு மடல் வந்த நாளில் நான் முத்தையன்கட்டுப் பக்கம் உறுப்பினர்களிடம் கச்சான் நிறுத்துக்கொண்டிருந்தேன். கைபேசி பையில் இருந்தது, பற்றரியில் சார்ஜ் இருந்தது, சிக்னலும் இருந்தது. ஆனால் அந்த மடல் என் கண்ணில் பட்டது இரவு எட்டரை மணிக்கு, நானாகச் செயலியைத் திறந்து பார்த்தபோதுதான். மறுநாள் அலுவலகக் கணினியில் அதைப் பார்த்த பிள்ளை, "அக்கா, இது காலமை பத்து மணிக்கே வந்து கிடக்கு, உங்கட போன் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள். அந்த ஓடர் வேறொருவருக்குப் போய்விட்டது. எங்களுடைய கச்சான் மூட்டைகள் களஞ்சியத்தில் மேலும் ஒரு மாதம் கிடந்தன.

அதற்குப் பிறகு நான்கு செயலிகளை மாறி மாறிப் பரிசோதித்து, கடைசியில் ஃபெயர்ஈமெயில் என்ற அன்ட்ரொயிட் செயலியில் நிலைத்தேன். எட்டு மாதங்களாக அதையே பயன்படுத்தி வருகிறேன். அந்தச் செயலி தன் தொடர்பு அறுந்திருக்கும் நேரத்தை மறைக்காமல் காட்டுகிறது. நான் அதைப் பரிந்துரைப்பதற்கு முதற் காரணம் இதுவே. மடல் வேகமாக வருவது அதற்கு அடுத்த காரணம்.

ஜிமெயில் முகவரி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் தேவைப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூகிளின் சொந்தச் செயலியில் ஜிமெயில் மடல்கள், கூகிள் நடத்தும் பொதுவான அறிவிப்பு வழியாகவே கைபேசிக்கு வந்து சேருகின்றன. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் அன்ட்ரொயிட்டில் அதே வழியைத்தான் பயன்படுத்துகின்றன. சிக்கல் எழுவது எங்களைப் போலச் சொந்த டொமைன் பெயரில், வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில் (மடல்களை வாங்கி வைத்திருக்கும் கணினியில்) முகவரி வைத்திருக்கும் சங்கங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும்தான். அந்தச் சேர்வருக்குக் கூகிளின் அறிவிப்பு வழி தெரியாது. ஆகவே கைபேசிதான் சேர்வரிடம் போய்க் கேட்க வேண்டும். அல்லது சேர்வருடன் எப்பொழுதும் இணைப்பில் இருந்து, புதியது வந்தால் சொல்லும்படி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

என் கைபேசியோடு வந்த மின்னஞ்சல் செயலி முதல் வழியைப் பின்பற்றியது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்படி நான் அமைத்திருந்தும் அது கேட்கவில்லை. காரணத்தைக் கண்டறிய எனக்குப் பல நாட்கள் பிடித்தன. முதலில் நான் சிக்னலைத்தான் குறை சொன்னேன், வன்னியில் எல்லாவற்றுக்கும் சிக்னலைக் குறை சொல்வது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் அதே நாளில் அதே இடத்தில் வாட்ஸ்அப் தகவல்கள் தடையின்றி வந்திருந்தனவே என்று யோசித்தபோதுதான் கைபேசியையே சந்தேகிக்கத் தொடங்கினேன். 2015 இல் வெளியான அன்ட்ரொயிட் 6 முதல் டோஸ் என்ற ஏற்பாடு இயங்கி வருகிறது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைபேசி சற்று நேரத்தில் உறக்கத்துக்குப் போய்விடும். இடையிடையே சிறிது நேரம் மட்டும் விழித்து, காத்திருக்கும் வேலைகளை முடித்துக்கொள்ளும். உறக்கம் நீள நீள அந்த விழிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமும் நீளும். கைபேசி உற்பத்தி நிறுவனங்கள் சில, இதற்கு மேலும் தங்களுடைய சொந்தப் பற்றரிச் சேமிப்பு முறைகளைச் சேர்த்து, பின்னணியில் இயங்கும் செயலியை முற்றாக நிறுத்திவிடுகின்றன. என் கைபேசி அந்த வகை.

இரண்டாவது வழிக்கு ஐமெப் ஐடில் என்று பெயர். ஐமெப் என்பது சேர்வரில் இருக்கும் மடல்களைச் செயலி பார்ப்பதற்கான பொது முறை, ஐடில் அதன் ஒரு பகுதி. 1997 ஜூன் மாதம் ஆர்எஃப்சி 2177 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியிடப்பட்ட இந்த முறையில், கைபேசி சேர்வருடன் ஓர் இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு மௌனமாக இருக்கிறது; புதிய மடல் வந்ததும் சேர்வர் அந்த இணைப்பின் வழியே ஒரு சிறு குறிப்பை அனுப்புகிறது; உடனே கைபேசி மடலை எடுத்துக்கொள்கிறது. பேசாமலே இருந்தால் சேர்வர் இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும் என்பதால், 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்று அந்த ஆவணமே அறிவுறுத்துகிறது. ஆனால் அலைபேசி வலையமைப்புகள் பலவற்றில் நடுவில் இருக்கும் கருவிகள் அவ்வளவு நேரம் பொறுத்திருப்பதில்லை. எதுவும் பேசாத இணைப்பைச் சில நிமிடங்களிலேயே மறந்துவிடுகின்றன, அதை இரு பக்கத்துக்கும் அறிவிப்பதுமில்லை. வாய்க்காலின் நடுவே வரம்பு உடைந்து தண்ணீர் வேறு திசையில் போய்க்கொண்டிருக்க, தலைமடை திறந்துதான் இருக்கிறது என்று நம்பிக் கடைமடை வயலில் காத்திருக்கும் கமக்காரனின் நிலையில்தான் அப்பொழுது கைபேசி இருக்கிறது. நான் பரிசோதித்த செயலிகளில் ஒன்று இந்த இடத்திலேயே தோற்றது. இணைப்பு இருப்பதாகவே காட்டிக்கொண்டு, மணிக்கணக்காக எதையும் கொண்டுவராமல் இருந்தது.

ஃபெயர்ஈமெயில் இதை நன்றாகக் கையாளுகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் சேர்வருக்கு ஒரு சிறு சொல்லை அனுப்பி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த இடைவெளியை வலையமைப்புக்கு ஏற்றபடி தானாகவே சரிசெய்துகொள்ளும் தெரிவும் செயலியின் அமைப்புகளில் இருக்கிறது. கணக்குகளின் பட்டியலைத் திறந்தால் கடைசியாக எப்பொழுது சேர்வருடன் இணைந்திருந்தது என்பதைத் திகதியும் நேரமுமாகக் காட்டுகிறது. காலையில் அலுவலகத்துக்குப் போகுமுன் நான் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அது சரியாக இருந்தால் மடல் வராததன் பொருள் மடல் இல்லை என்பதே. இந்த நிச்சயம் எனக்கு முன்பு இருந்ததில்லை.

முதலில் அமைப்பது கடினமல்ல. பெயர், முகவரி, கடவுச்சொல் ஆகிய மூன்றையும் கொடுத்ததும் சேர்வரின் விபரங்களைப் பெரும்பாலும் தானே கண்டுபிடித்துவிடுகிறது. எங்களுடையதை, பாதுகாக்கப்பட்ட ஐமெப் இணைப்புக்குரிய வாசலான 993 ஆம் போர்ட்டில், எந்தச் சிரமமுமின்றிக் கண்டுகொண்டது. அதற்குப் பின் வரும் மூன்று அனுமதிகளைத்தான் கவனமாகச் செய்ய வேண்டும். பற்றரிச் சிக்கனத்திலிருந்து இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். டேட்டா சேவர் (பின்னணியில் டேட்டா செலவாவதைத் தடுக்கும் அமைப்பு) போட்டு வைத்திருப்பவர்கள் அதிலிருந்தும் விலக்குக் கொடுக்க வேண்டும். ரீலோட் பணத்தைச் சேமிப்பதற்காக எங்கள் பக்கத்தில் அநேகமானோர் அதை எப்பொழுதும் போட்டு வைத்திருப்பதால், வைஃபையில் மட்டும் மடல் வருகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கிறது. அன்ட்ரொயிட் 13 முதல் அறிவிப்புக் காட்டுவதற்கும் தனியாக அனுமதி கேட்கப்படுகிறது. அவசரத்தில் அதை மறுத்துவிட்டால் மடல் வந்தும் ஓசை எழாது. பற்றரிக்கும் டேட்டா சேவருக்குமான பொத்தான்களைச் செயலியின் முதல் பக்கத்திலேயே வைத்திருப்பது நல்ல யோசனை. ஆனால் உற்பத்தி நிறுவனம் தன் பங்குக்குச் சேர்த்திருக்கும் பூட்டு அந்தப் பொத்தான்களுக்கு அடங்காது. கைபேசியின் சொந்த அமைப்புகளுக்குள் போய், தானாகத் தொடங்கும் அனுமதியையும், பின்னணியில் கட்டுப்பாடின்றி இயங்கும் அனுமதியையும் கையால் கொடுக்க வேண்டும். பெயரும் இடமும் ஒவ்வொரு கைபேசியிலும் வேறுபடும். என் கைபேசியில் அது இரண்டு வெவ்வேறு பக்கங்களில் இருந்தது, இரண்டாவதைக் கண்டுபிடிக்கும் வரை எனக்கு நிம்மதியில்லை.

பரிசோதிப்பவர்கள் கைபேசியைச் சார்ஜரில் செருகி வைத்துக்கொண்டு பரிசோதிக்கக் கூடாது. சார்ஜரில் இருக்கும் கைபேசி உறங்குவதில்லை. ஆகவே எந்தச் செயலியும் அப்பொழுது சிறப்பாகவே இயங்குவது போலத் தோன்றும். நான் இரவு படுக்கப் போகும்போது சார்ஜரைக் கழற்றி, கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, அதிகாலையில் எழுந்து அதைத் தொடாமலே கணினியிலிருந்து, அனுப்பும் நேரத்தைத் தலைப்பாக எழுதி மடல் அனுப்பிப் பார்த்தேன். முன்பிருந்த செயலியில் ஒன்றுமே வரவில்லை. ஃபெயர்ஈமெயிலில், எல்லா அனுமதிகளும் கொடுத்த பின், ஒரு நிமிடத்துக்குள் ஓசை கேட்டது. பல காலைகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகே சங்கத்தின் மற்ற இருவரின் கைபேசிகளிலும் அதை நிறுவினேன்.

அங்கேதான் நான் எதிர்பாராத ஒரு தடை வந்தது. மூவரும் சங்கத்தின் ஒரே முகவரியைத்தான் பயன்படுத்துகிறோம். அலுவலகத்தில் இருக்கும்போது மூன்று கைபேசிகளும் கணினியும் ஒரே ரவுட்டரின் வழியே வெளியே போகின்றன. ஃபெயர்ஈமெயில் உடனுக்குடன் கவனிக்கும் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஓர் இணைப்பு வேண்டும். எங்கள் சேர்வரில் இயங்குவது டவ்கொட் என்ற மென்பொருள். அதில் ஒரு பயனர் ஒரே இணைய முகவரியிலிருந்து, அதாவது ஒரே ரவுட்டரின் வழியே, திறக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கை, மாற்றப்படாவிட்டால், 10 தான். ஆளுக்கு நான்கு கோப்புறை என்று வைத்திருந்தோம். மூன்று கைபேசிகளே 12 ஆகி எல்லையை மீறிவிட்டன, கணினி அதற்கு மேல். வெளியே வயல்வெளியில் நன்றாக வேலை செய்த செயலி, அலுவலகத்துக்குள் வந்ததும் பிழை காட்டியதன் காரணம் இதுவே. அந்தப் பிழையையும் செயலி வெளிப்படையாக, சேர்வர் சொன்ன வாசகத்துடனேயே காட்டியதால்தான் எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. உள்பெட்டியை மட்டும் உடனுக்குடன் கவனிக்கச் சொல்லி, அனுப்பியவை, வரைவுகள் போன்றவற்றை இடைவெளி விட்டுப் பார்க்கும்படி மாற்றினோம். பற்றரிச் செலவும் அதனால் குறைந்தது. ஜிமெயிலை ஐமெப் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் இத்தகைய எல்லை உண்டு, ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 இணைப்புகள்.

பற்றரியைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். திறந்து கிடக்கும் இணைப்பு பேசாமல் இருக்கும்போது பெரிதாக எதையும் செலவழிப்பதில்லை. செலவழிப்பது வலுவற்ற சிக்னலில் திரும்பத் திரும்ப இணைய முயல்வதுதான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்கு முன் வரும் காட்டுப் பகுதியில் என் கைபேசிக்குச் சிக்னல் வந்தும் போயும் இருக்கும். பேருந்தில் அவ்வழியே போய் வரும் நாட்களில் மாலையில் பற்றரி குறைவாக இருப்பதைக் காண்கிறேன். அலுவலகத்தில் இருக்கும் நாட்களில் வேறுபாடே தெரிவதில்லை. டேட்டாவைப் பொறுத்தவரை, அலைபேசி இணைப்பில் எவ்வளவு பெரிய மடல் வரை தானாக இறக்கலாம் என்று எல்லை வைக்க முடிகிறது. மடலுக்குள் இருக்கும் வெளிப் படங்களையும் கேட்காமல் இறக்குவதில்லை. விளம்பர மடல்கள் நிறைய வரும் முகவரிகளுக்கு இது பெரிய உதவி.

குறைகளும் உண்டு. அமைப்புகளின் பக்கங்கள் மிக அதிகம். ஒவ்வொன்றிலும் தெரிவுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பொருளாளர் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் என்னிடமே திருப்பித் தந்தார். அத்தகையவர்களுக்குத் தண்டர்பேர்டின் அன்ட்ரொயிட் செயலி பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2008 இல் தொடங்கிய கே-9 மெயிலின் அடித்தளத்தில் உருவாகி, 2024 அக்டோபரில் வெளியான அது, ஐடில் முறையையும் ஆதரிக்கிறது, பார்வைக்கும் எளிமையானது. ஆனால் தொடர்பின் நிலையை ஃபெயர்ஈமெயில் அளவுக்கு விரிவாக அது காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஃபெயர்ஈமெயிலின் அறிவிப்புப் பட்டையில் எப்பொழுதும் ஒரு வரி நிற்பதும் சிலருக்கு எரிச்சலூட்டுகிறது. 2017 இல் வந்த அன்ட்ரொயிட் 8 முதல், இடைவிடாமல் பின்னணியில் இயங்கும் செயலி தன்னை அப்படி வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்சல் பொக்ஹோர்ஸ்ட் என்ற ஒருவரின் உழைப்பில் வளர்ந்த செயலி இது என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. 2022 மே மாதத்தில் அவர் இதைக் கைவிடுவதாக அறிவித்து, பின்னர் மீண்டும் தொடர்ந்தார். மூலநிரல் யாரும் எடுத்துத் தொடரும்படி திறந்திருப்பதால் முற்றாக மறைந்துபோகாது என்றாலும், அலுவலகத்தின் அன்றாட வேலையை ஒருவரின் தோளில் வைக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது. அடிப்படை வசதிகளுக்குப் பணம் இல்லை, மேலதிக வசதிகளுக்கு ஒருமுறை செலுத்தினால் போதும், விளம்பரங்கள் இல்லை. நான் செலுத்தினேன்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செயலி கிடைக்காது. எங்கள் தலைவி அக்காவின் ஐபோன் கனடாவிலிருக்கும் மகள் அனுப்பியது. அதனோடு வரும் மெயில் செயலி ஐகிளவுட், எக்ஸ்சேஞ்ச் போன்ற கணக்குகளுக்கு மட்டுமே உடனுக்குடன் மடல் கொண்டுவரும்; எங்களுடையதைப் போன்ற சாதாரண ஐமெப் கணக்கை, விரைவாகப் பார்க்கச் சொன்னாலும், 15 நிமிட இடைவெளியில்தான் பார்க்கும். ஆகவே சேர்வரிலேயே அவருடைய ஜிமெயில் முகவரிக்கு ஒரு பிரதி போகும்படி அமைத்து, ஐபோனில் ஜிமெயில் செயலியை நிறுவிக் கொடுத்தேன். வேகமாக வருகிறது. ஆனால் இப்படித் திருப்பி அனுப்பப்படும் மடல், அதை முதலில் அனுப்பியவரின் சேர்வரிலிருந்து வராமல் எங்கள் சேர்வரிலிருந்து வருவதால், அனுப்பும் சேர்வர் உரியதுதானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் என்ற சரிபார்ப்பில் தவறி ஸ்பாம் பெட்டிக்குள் விழக்கூடும். வாரம் இருமுறை அந்தப் பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கடந்த மாதம் என் கைபேசி தன் மென்பொருளை இரவோடு இரவாகப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் கணக்குப் பட்டியலைத் திறந்தபோது, கடைசியாக இணைந்த நேரம் முதல் நாள் இரவு 11 மணியிலேயே நின்றிருந்தது. தானாகத் தொடங்கும் அனுமதி மீண்டும் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறந்துவிட்டதும் இரண்டு மடல்கள் வந்து விழுந்தன. ஒன்று யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் விலைமனுக் கோரல், அன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. நேரம் அப்பொழுது ஏழேகால்.